ஸ்டெம் செல் தனியாக முடிவெடுப்பதில்லை: மார்பகத்தில் சுற்றுத் திசு செய்யும் வேலை

வந்த கேள்வி இது: “ஒரே ஒரு ஸ்டெம் செல்லை வைத்து எலியில் முழுப் பாற்சுரப்பியையே வளர்த்துவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியானால் மார்பகம் எப்படி அமைய வேண்டும் என்ற திட்டம் மொத்தமும் அந்தச் செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? சுற்றியிருக்கும் கொழுப்பும் நார்த்திசுவும் இடத்தை நிரப்ப மட்டும்தானா? இதற்கும் புற்றுநோய்க்கும் ஏதாவது தொடர்பு உண்டா?”

ஸ்டெம் செல் என்றால், தன்னைப் போன்ற செல்களையும் வேறு வகைச் செல்களையும் உருவாக்கக்கூடிய மூலச் செல். நீங்கள் படித்த பரிசோதனையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. 2006-ல் நேச்சர் இதழில் இரண்டு குழுக்கள், ஒன்று மெல்போர்னிலிருந்து, இன்னொன்று வான்கூவரிலிருந்து, ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளியிட்ட வேலை அது. சுண்டெலியின் பாற்சுரப்பியைத் தனித்தனிச் செல்களாகப் பிரித்தார்கள். செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை அடையாளமாக வைத்து, ஸ்டெம் செல்லாக இருக்கக்கூடியவற்றைப் பொறுக்கி எடுத்து வேறு எலிகளுக்குள் வைத்தார்கள். மெல்போர்ன் குழு ஒற்றைச் செல்லை மட்டும் வைத்தபோதும் சில எலிகளில் கிளை கிளையாகப் பிரிந்த பாற்குழாய் மரம் முழுதாக வளர்ந்தது. எலி கர்ப்பமானபோது அது பாலும் சுரந்தது. அசாத்தியமான வேலை, அதில் சந்தேகமே இல்லை.

சரி, அந்தச் செல்லை எங்கே வைத்தார்கள்? சாதாரணமாகக் கண்ணில் படாமல் போகிற விஷயம் இதுதான். வைத்த இடம், இன்னொரு எலியின் பாற்சுரப்பிக்கான கொழுப்புத் திண்டு. மூன்று வாரக் குட்டி எலியில் பாற்குழாய்கள் காம்பின் அருகே சின்னக் கொத்தாகத்தான் இருக்கும். நடுவில் இருக்கும் நிணநீர் முடிச்சைக்கூட எட்டியிருக்காது. அந்தக் கொத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால், குழாய்களே இல்லாத கொழுப்புத் திண்டு மீதி கிடைக்கும். டியோம் என்பவரும் அவருடைய பெர்க்லி சகாக்களும் 1959-ல் கொண்டுவந்த இந்த முறையைத்தான் இந்தத் துறை இன்றுவரை நம்பியிருக்கிறது. அதாவது, அந்த ஒற்றைச் செல் வெறும் வெளியில் ஒரு சுரப்பியைக் கட்டவில்லை. கொழுப்புச் செல்களும், நார்ச்செல்களும், இரத்தக் குழாய்களும், நோயெதிர்ப்புச் செல்களும், ஹார்மோன்களும் எல்லாம் தயாராகக் காத்திருந்த ஒரு வீட்டுக்குள் அதைக் கொண்டுபோய் வைத்தார்கள். வளர்ந்த குழாய்களும் அந்தத் திண்டின் ஓரம் வந்ததும் நின்றுவிடுகின்றன. எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொன்னது அந்தத் திண்டு.

இன்னும் தெளிவான சான்று மனிதச் செல்களில் இருக்கிறது. பெண்களின் மார்பகத்திலிருந்து எடுத்த செல்களை எலியின் அதே திண்டில் வைத்தால் பெரும்பாலும் எதுவும் நடக்காது. எலியின் திண்டு பெரும்பகுதி கொழுப்பு. மனித மார்பகத்தில் குழாய்களைச் சுற்றி நார்த்திசு அதிகம். 2004-ல் ஷார்லட் குப்பர்வாசரும் உடனிருந்தவர்களும் ஒரு வேலை செய்தார்கள். முதலில் மனித நார்ச்செல்களை எலியின் திண்டில் குடியேற்றினார்கள். அப்புறம்தான் மனித மார்பகச் செல்களை வைத்தார்கள். இப்போது அவை மனிதச் சுரப்பிக்கே உரிய அமைப்பில் வளர்ந்தன. வைத்த செல்லின் இயல்பு மாறவில்லை. அக்கம்பக்கத்தை மட்டும் அதற்குப் பழகியதாக மாற்றிக் கொடுத்தார்கள்.

நான் முதன்முதலில் இதை உணர்ந்தது ஒரு கண்ணாடித் தகட்டில். ஐந்து வார எலியின் பாற்சுரப்பியை அப்படியே தகட்டில் விரித்து, கொழுப்பைக் கரைத்து, கார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் ஊறவைப்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் இலையுதிர்ந்த மரம் மாதிரி சிவப்புக் குழாய்கள் பரவியிருக்கும். நடுவில் கருஞ்சிவப்பில் நிணநீர் முடிச்சு. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் தீக்குச்சித் தலை போல ஒரு மொட்டு பருத்து நிற்கும். அந்த மொட்டுதான் கொழுப்புக்குள் முன்னேறிப் போகிற பகுதி. மெல்லியதாகச் சீவி இன்னும் கிட்டத்தில் பார்த்தால், மொட்டின் நுனியில் அதைச் சுற்றியிருக்கும் அடித்தளச் சவ்வு, அதாவது செல்களைத் தாங்கும் புரதப் படலம், மிக மெல்லியதாக இருக்கும். பின்னால் கழுத்துப் பகுதியில் அதே சவ்வு தடித்து, வெளியே கொலாஜன் நாரும் நார்ச்செல்களும் கச்சை கட்டியது போல இறுக்கிப் பிடித்திருக்கும். முன்னே போகலாம், பக்கவாட்டில் பருக்கக் கூடாது. அந்தக் குழாய் வடிவத்தில் பாதி இந்தக் கச்சையின் வேலை. கழுத்தைச் சுற்றி மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கு செல்களும் கூடியிருக்கும். அவற்றை இல்லாமல் செய்தால் மொட்டுகள் குறைகின்றன, கிளைகளும் குறைகின்றன.

கருவிலிருந்தே கதை இப்படித்தான். மேல்தோலில் ஒரு சின்னத் தடிப்பாகத் தொடங்கும் பாற்சுரப்பி மொட்டு, தனக்குக் கீழே உள்ள இடைத்திசுவோடு பேசிக்கொண்டேதான் வளர்கிறது. பேச்சு என்றால் புரதங்கள்தான். மொட்டு பாராதைராய்டு ஹார்மோனைப் போன்ற ஒரு புரதத்தை வெளியிடுகிறது. கீழே இருக்கும் செல்கள் அதை ஏற்பியால் (செய்தியைப் பிடிக்கும் புரதத்தால்) பிடித்து, தங்கள் குணத்தை மாற்றிக்கொண்டு, மொட்டுக்குத் திரும்பச் செய்தி அனுப்புகின்றன. இந்த ஏற்பி வேலை செய்யாத ஓர் அரிய பிறவிக் குறைபாட்டில், குழந்தைக்கு மார்பகமோ காம்போ உருவாவதே இல்லை. மொட்டு செய்தி அனுப்பியும் அதைக் கேட்க ஆளில்லை.

இந்தக் கட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை ஜப்பானிய ஆய்வாளர் சகாகுராவுடையது. 1976-ல் வந்தது. எலிக் கருவின் பாற்சுரப்பி மொட்டை எடுத்து, அதை உமிழ்நீர்ச் சுரப்பியின் இடைத்திசுவோடு சேர்த்து வளர்த்தார். வளர்ந்த சுரப்பி பார்வைக்கு உமிழ்நீர்ச் சுரப்பி மாதிரியே நெருக்கமாகக் கிளை விட்டது. ஆனால் பால் சுரக்கச் சொல்லும் ஹார்மோன்கள் கிடைத்தபோது சுரந்தது பால் புரதம். எனவே உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால் இதையே சொல்வேன்: வடிவத்தைப் பக்கத்துத் திசு சொல்லிக் கொடுத்தது, பால் சுரக்கும் குணத்தைச் செல் தன்னோடு கொண்டுவந்தது. செல்லுக்குள் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதற்குள் இருப்பதில் எது வெளிவரும், எந்த அமைப்பில் வரும் என்பதைத் தீர்மானிப்பதில் அக்கம்பக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

சுற்றுத் திசு வளர்க்கவும் செய்யும், அழிக்கவும் செய்யும். ஆண் எலிக் கருவில் பாற்சுரப்பி மொட்டு உருவாகிறது. பிறகு அறுபட்டுப் போகிறது. காரணம் ஆண் ஹார்மோன். அந்த ஹார்மோன் மொட்டை நேராகத் தாக்குவதில்லை. மொட்டைச் சுற்றியுள்ள இடைத்திசுவில் உள்ள ஏற்பியில் போய் உட்காருகிறது. அந்தத் திசு மொட்டின் கழுத்தைச் சுற்றி நெருக்கி இறுக்குகிறது. 1970-களில் கிராட்டோக்வில் போன்றவர்கள் இதைப் பிரித்துக் காட்டினார்கள். ஹார்மோனை உணர முடியாத மொட்டோடு சாதாரண இடைத்திசுவைச் சேர்த்தால் மொட்டு அழிகிறது. சாதாரண மொட்டோடு ஹார்மோனை உணர முடியாத இடைத்திசுவைச் சேர்த்தால் மொட்டு பிழைக்கிறது.

பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் வருகிறது, மார்பகம் வளர்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஸ்டெம் செல்லைத் தூண்டுகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். எலியில் பார்த்தவரை, ஸ்டெம் செல் பண்பு காட்டும் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை. ஏற்பி இருப்பது பாற்குழாயின் உட்புற அடுக்கில் உள்ள சில முதிர்ந்த செல்களில். அவை ஈஸ்ட்ரோஜனைப் பெற்றதும் ஆம்ஃபிரெகுலின் என்ற புரதத்தை அறுத்து வெளியே விடுகின்றன. அது போய்ச் சேருவது வெளியே இருக்கும் நார்த்திசுச் செல்களிடம். அவை வேறு வளர்ச்சிப் புரதங்களைத் திருப்பி அனுப்ப, அப்புறம்தான் குழாயின் செல்கள் பெருகுகின்றன. உள்ளிருந்து வெளியே போய், மறுபடி உள்ளே வருகிற செய்தி. கைமாறிப் போகும் இந்தத் தொடரில் நடுவில் ஒரு கை விட்டுப்போனாலும் வளர்ச்சி நின்றுவிடும்.

புரோஜெஸ்டிரோனும் அப்படியே. ஏற்பி உள்ள செல்கள் அதைப் பெற்று ராங்க்எல், விண்ட் என்ற செய்திப் புரதங்களைப் பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கின்றன. 2010-ல் இரண்டு குழுக்கள் காட்டியபடி, எலியில் இனப்பெருக்கச் சுழற்சியின் பிற்பாதியிலும் கர்ப்பத்திலும் ஸ்டெம் செல்களின் எண்ணிக்கை 10 மடங்குக்கும் மேல் கூடுகிறது. ராங்க்எல் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

இப்போது இந்தத் துறையில் பல வருடம் சண்டையாகவே இருந்த விஷயத்துக்கு வருகிறேன். பாற்குழாய்க்கு இரண்டு அடுக்கு. உள்ளே பால் சுரக்கும் அடுக்கு, வெளியே சுருங்கிப் பாலைத் தள்ளும் அடிப்புற அடுக்கு. அடிப்புறச் செல்லை எடுத்து வெற்றுத் திண்டில் வைத்தால் இரண்டு அடுக்கையும் உருவாக்குகிறது. எனவே இரண்டையும் தரக்கூடிய ஸ்டெம் செல் அங்கே இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2011-ல் பிரஸ்ஸல்ஸில் பிளான்பேனின் குழு வேறு மாதிரி பார்த்தது. செல்களைப் பிரித்தெடுக்காமல், உடலுக்குள் இருந்தபடியே ஒளிரும் புரதத்தால் அடையாளமிட்டு, அவற்றின் வாரிசுகளைப் பின்தொடர்ந்தார்கள். பிறந்த பிறகு உள் அடுக்கின் செல் உள் அடுக்கையே தருகிறது, அடிப்புறச் செல் அடிப்புறத்தையே தருகிறது என்று வந்தது. 2014-ல் மெல்போர்ன் குழு, இரண்டையும் தரும் செல்கள் வளர்ந்த எலியிலும் உண்டு என்று பதில் எழுதியது. பின்னால் வந்த நுணுக்கமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கையில், கருவில் இரண்டையும் தரும் செல்கள் பிறப்பை ஒட்டிய காலத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுகின்றன என்ற கருத்துக்கே எடை அதிகம் என்பது என் கணிப்பு.

ஆனால் ஒரே செல் ஓரிடத்தில் இரண்டையும் தருவதும் இன்னோரிடத்தில் ஒன்றை மட்டும் தருவதும் எப்படி? இடம் மாற்றி வைக்கும் பரிசோதனை, செல்லால் என்ன முடியும் என்று கேட்கிறது. உடலுக்குள் பின்தொடரும் பரிசோதனை, அது அன்றாடம் என்ன செய்கிறது என்று கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் முழுவதும் அக்கம்பக்கம்தான். 2020-ல் அதே பிரஸ்ஸல்ஸ் குழு இதை நேரடியாகவே காட்டியது. வளர்ந்த எலியில் உள் அடுக்குச் செல்களை மட்டும் அழித்தபோது, அதுவரை சாதுவாக இருந்த அடிப்புறச் செல்கள் விழித்துக்கொண்டு உள் அடுக்கையும் உருவாக்கத் தொடங்கின. அவ்வளவு நாள் அவற்றைக் கட்டுக்குள் வைத்திருந்தது உள் அடுக்குச் செல்கள் வெளியிடும் டிஎன்எஃப் என்ற புரதம். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்பதை வைத்து ஒரு செல் தன் தகுதியையே மாற்றிக்கொள்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து ‘ஸ்டெம் செல்’ என்பதை ஒரு செல்லின் நிரந்தரப் பட்டமாக என்னால் நினைக்க முடிவதில்லை. ஒரு சூழலில் கிடைக்கும் பொறுப்பாகத்தான் நினைக்கிறேன்.

மேக்ரோஃபேஜ் பற்றியும் ஒரு வார்த்தை. 2018-ல் தெரியவந்தபடி, ஸ்டெம் செல்கள் நாட்ச் என்ற செய்திப் பாதை வழியாகப் பக்கத்து மேக்ரோஃபேஜ்களைத் தூண்டுகின்றன. அவை பதிலுக்கு விண்ட் புரதங்களைக் கொடுத்து ஸ்டெம் செல்களைத் தாங்குகின்றன. ஸ்டெம் செல் தன் சூழலைத் தானும் உருவாக்கிக்கொள்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இதுவரை சொன்னது செல்களையும் அவை அனுப்பும் புரதங்களையும் பற்றி. செல்களுக்கு இடையில் இருக்கும் உயிரற்ற பொருளும் பேசும். பாற்சுரப்பிச் செல்களைச் சாதாரண பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால் தோசை மாதிரித் தட்டையாகப் பரவி, பால் சுரப்பதையே மறந்துவிடும். அதே செல்களை, அடித்தளச் சவ்வின் முக்கியப் புரதமான லாமினின் நிறைந்த மென்மையான ஜெல்லுக்குள் வைத்தால், சில நாளில் நடுவில் குழிவான சின்ன உருண்டைகளாகத் திரளும். தகுந்த ஹார்மோன் கொடுத்தால் பால் புரதமும் சுரக்கும். மரபணுக்கள் இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆய்வாளர் மினா பிஸ்ஸெல் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தது இதைத்தான். 1980-களின் தொடக்கத்தில் அவர் இதைச் சொன்னபோது ஏற்றுக்கொண்டவர்கள் குறைவு.

அந்த லாமினினை யார் தயாரிக்கிறார்கள் என்பதும் முக்கியம். அடிப்புறச் செல்கள்தான் அதற்குப் பெரிய மூலம். உள் அடுக்குச் செல்களை கொலாஜன் ஜெல்லில் தனியாக விட்டால், உள்ளே பார்க்க வேண்டிய முகம் வெளியே பார்த்தபடி தலைகீழாகத் திரும்பிவிடும். நல்ல அடிப்புறச் செல்களைச் சேர்த்தால் முகம் சரியாகிறது. புற்றுக் கட்டியிலிருந்து எடுத்த அடிப்புறச் செல்களில் பெரும்பாலானவற்றால் இதைச் செய்ய முடியவில்லை. அவை லாமினின்-1 தயாரிப்பதை விட்டுவிட்டிருந்தன.

பொருளின் விறைப்பும் ஒரு செய்தி. எலியின் ஆரோக்கியமான பாற்சுரப்பியின் விறைப்பு சுமார் 170 பாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு), கட்டியினுடையது சுமார் 4,000 பாஸ்கல் என்று வலெரி வீவரின் குழு 2005-ல் அளந்தது. மென்மையான ஜெல்லில் ஒழுங்காக உருண்டையாகும் சாதாரணச் செல்கள், விறைப்பைக் கூட்டக் கூட்டக் குழிவை இழந்து, ஒழுங்கற்ற கட்டிகளாகப் பெருகின. செல் தன் சுற்றுப்புறத்தை இழுத்துப் பார்க்கிறது. எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதை வைத்து நடந்துகொள்கிறது.

புற்றுநோய்க்கு வந்துவிட்டோம். மரபணு மாற்றம் இல்லாமல் புற்றுநோய் வருகிறது என்று நான் சொல்லவில்லை. மாற்றம் இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் விஷயம். 1984-ல் பிஸ்ஸெலும் டால்பெர்கும் கோழிகளுக்குப் புற்றுக்கட்டி உண்டாக்கும் ஒரு வைரஸைக் கோழிக் கருவுக்குள் செலுத்தினார்கள். வைரஸ் உள்ளே புகுந்து, அதன் புற்று மரபணு வேலையும் செய்தது. கட்டி மட்டும் வரவில்லை. அதே செல்களைக் கருவிலிருந்து பிரித்துத் தட்டில் போட்டதும் ஒரே நாளில் புற்றுச் செல்களாக மாறின. 1997-ல் மனித மார்பகப் புற்றுச் செல்களில், சுற்றுப்புறத்தைப் பற்றிக்கொள்ளும் இன்டெக்ரின் என்ற புரதத்தை ஆன்டிபாடியால் தடுத்தபோது, அவை ஒழுங்கான உருண்டைகளாகி வளர்ச்சியை நிறுத்தின. ஆன்டிபாடியை எடுத்ததும் பழைய குணம் திரும்பியது. மரபணுக் கோளாறுகள் எல்லாம் அப்படியே இருந்தும் அவை நல்ல பிள்ளைகளாக நடந்துகொண்டன.

மறுபக்கமும் உண்டு. 2000-ல் பார்செல்லோஸ்-ஹாஃப் என்பவர், குழாய்கள் அகற்றிய எலிகளுக்கு முதலில் கதிர்வீச்சு கொடுத்து, அப்புறம் கதிர்வீச்சே படாத, ஆனால் புற்றைத் தடுக்கும் பி53 மரபணு ஏற்கெனவே பழுதான செல்களை அந்தத் திண்டில் வைத்தார். கதிர்வீச்சு படாத எலிகளோடு ஒப்பிட்டால் மிக அதிகமானவற்றில் கட்டி வந்தது. அடி வாங்கியது வீடு, கெட்டது உள்ளே வந்து குடியேறிய செல்.

பெண்களிடம் நாம் காண்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதே. மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரேயில்) அடர்த்தி 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பெண்களுக்கு, 10 சதவீதத்துக்குக் கீழ் இருப்பவர்களை விட மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4 முதல் 5 மடங்கு. அந்த அடர்த்தியில் பெரும்பங்கு கொலாஜனும் நார்த்திசுவும். இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். அடர்த்தி ஒரு நோய் இல்லை. பரிசோதனையை எந்த முறையில், எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது என்று மருத்துவரிடம் பேசுவதற்கான காரணம். பால் நிறுத்திய பிறகு சுரப்பி சுருங்கும் காலமும் அப்படி ஒரு தருணம். பால் சுரந்த செல்கள் லட்சக்கணக்கில் மடிய, அடித்தளச் சவ்வு கரைந்து மறுபடி கட்டப்பட, மேக்ரோஃபேஜ்கள் நிறைய, திசு காயம் ஆறுகிற இடம் போல ஆகிறது. குழந்தை பிறந்த சில வருடங்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடி, நீண்ட காலத்தில் குறைகிறது. முதலில் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள்.

ராங்க்எல்லை ஞாபகத்தில் வைக்கச் சொன்னேன். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் டெனோசுமாப் என்ற ஊசி மருந்து தடுப்பது அதே ராங்க்எல்லைத்தான். பிஆர்சிஏ1 என்ற மரபணு பழுதானால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு மிகவும் கூடும். அந்தப் பழுதோடு பிறந்த பெண்களின் மார்பகத்தில், ராங்க்எல் செய்தியைக் கேட்கும் முன்னோடிச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதை 2016-ல் மெல்போர்ன் குழு கண்டது. டெனோசுமாப் கொடுத்தபோது அந்தப் பெருக்கம் குறைந்தது. அப்படிப்பட்ட பெண்களுக்கு மார்பகத்தை முன்கூட்டியே அகற்றுவதற்குப் பதிலாக இந்த ஊசி உதவுமா என்பதைப் பார்க்க பிஆர்சிஏ-பி என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு தொடங்கப்பட்டது. பழுதான மரபணுவை அந்த மருந்து தொடுவதே இல்லை. பக்கத்துச் செல் அனுப்பும் செய்தியை வழியில் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான்.